பட்டன் இல்லாத ஓர்கன்

மொன்றியலில் தமிழ்க் கலியாணங்களுக்குக் கீபோர்ட் வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கீபோர்ட் வாசிக்கத் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

விஷயம் இதுதான். கீபோர்டில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அமத்தினால் முழுக் கீபோர்டும் சுருதி ஏறும். பக்கத்தில் இருக்கிறதை அமத்தினால் இறங்கும். பாடுகிறவர் மூன்று கட்டையில் பாடினாலும் சரி, ஐந்தரைக் கட்டையில் கத்தினாலும் சரி, எங்களுடைய விரல்கள் ஒரு கட்டையில்தான் ஓடும். இங்கிலிஷ்காரர் அதை சி என்பார்கள். மிச்சத்தைப் பட்டன் பார்த்துக்கொள்ளும். நான் ஊரில் மாதா கோயில் ஆர்மோனியத்தில் கேள்வி ஞானத்தில் பழகியவள். பாடற்குழுவை என் சுருதிக்கு இழுத்துக்கொண்டு போய்த்தான் பழக்கம். கனடாவுக்கு வந்து அந்தப் பட்டனைக் கண்டபோது கடவுள் எனக்கென்றே செய்து அனுப்பியது என்று நினைத்தேன். பதினைந்து வருடம் அப்படியே வாசித்தேன். கறுப்புக் கட்டைகளில் பாதியை நான் தூசி தட்டத்தான் தொட்டிருப்பேன்.

கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. போத்தல்களுக்கு லேபல் ஒட்டி, பெட்டியில் அடுக்கி அனுப்புவது. சனி ஞாயிறில் எங்களுடைய இசைக்குழு. கலியாணவீடு, பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள். ஞாயிறு மத்தியானம் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வாசிப்பேன். என்னுடைய மனிசன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் நின்றார். கடைக்காரனுடைய வான் அவர் கையில் இருந்ததால் கீபோர்டை ஏற்றி இறக்குவதும் அவர்தான்.

"நீர் வாசிக்கிறீர், நான் சுமக்கிறன். கைதட்டு மட்டும் உமக்கு," என்பார்.

"அப்ப நீங்கள் வாசியுங்கோ, நான் சுமக்கிறன்."

"வேண்டாமப்பா, சனம் சாப்பிடாமல் எழும்பிப் போயிடும்."

உண்மையில் சனம் சாப்பிடத்தான் வந்தது. நாங்கள் வாசிக்கிறதை ஒருவரும் கேட்டதில்லை. நான் ஒரு பாட்டின் நடுவில் உயிரைக் கொடுத்து ஒரு துண்டு வாசித்தால், அதே நேரம் யாரோ மைக்கில் "வெள்ளை நிற வான், வாசலை மறிச்சு நிக்குது" என்று அறிவிப்பார்கள். பெரும்பாலும் அது எங்களுடைய வான்.

இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள் அவை. எங்கள் கோயிலில் காலையில் இங்கிலிஷ் பூசை, பிறகு எங்களுடையது. காலைப் பூசைக்கு ஓர்கன் வாசித்தவர் ஒரு இங்கிலாந்துக்காரர். அறுபது வயதை ஒட்டியவர். நரைத்த மயிரைப் பின்னால் ரப்பர் போட்டுக் கட்டியிருப்பார். முழங்கை தேய்ந்த தோல் ஜக்கெற். விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி, இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பூசைக்கு வாசிக்கிற ஒரு வயதான வெள்ளைக்காரர், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு நான் வெள்ளனப் போய், பாடற்குழு நிற்கிற மேல்மாடத்தில் கீபோர்டை வைத்து விரலைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூலையில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இந்த வலது கையை எங்கே திருடினாய்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. என்னுடைய இங்கிலிஷ் சாமான் வாங்கவும் மனேஜரோடு சண்டை பிடிக்கவும் போதும். திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, நான் வாசித்ததைத் தன் வீங்கின விரலால் காற்றில் வாசித்துக் காட்டினார். எங்களுடைய கமகம், அந்த வழுக்கல். பாராட்டுகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. பதினைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதலாவது பாராட்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தார். அவர் இங்கிலாந்தில் எழுபதுகளில் ரொக் இசைக்காரர். சொந்தப் பெயரில் ஒரு இசைத்தட்டும் போட்டதில்லை. மற்றவர்களுடைய தட்டுகளில் கூலிக்கு வாசித்தவர். காலையில் சவர்க்கார விளம்பரம், மத்தியானம் யாரோ ஒரு பெண்ணின் காதல் பாட்டு, பின்னேரம் ஒரு ரொக் குழு. யாருடைய பாட்டென்று தெரியாமலே வாசித்துவிட்டுப் போய்விடுவாராம். ஆறு மாதம் கழித்து இறைச்சிக் கடையில் நிற்கும்போது ரேடியோவில் தன்னுடைய கையே கேட்குமாம். இறைச்சிக்காரனிடம் சொன்னால், "அப்படியா, எலும்போடு வெட்டவா?" என்பானாம். ஒரு குழுவில் நிரந்தரமாகச் சேர்ந்து அமெரிக்கா முழுக்கச் சுற்றியிருக்கிறார். பாடுகிறவனும் கிற்றார்காரனும் ஒரு ஹோட்டல் வாசலில் அடிபட்டுக் குழு உடைந்தது. பிறகு யாருக்கோ வாசிக்க மொன்றியலுக்கு வந்தார், ஒரு கியூபெக் பெண்ணைக் கட்டினார், அவள் விட்டுவிட்டுப் போனாள், இவர் இங்கேயே நின்றுவிட்டார்.

"பிரெஞ்ச் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"பொன்ஜூர் தெரியும். மெர்சி தெரியும். அவள் கடைசியாகச் சொன்னதும் தெரியும், கோயிலில் சொல்லக்கூடாது."

அந்த மனுசனை எனக்குப் பிடித்துப்போனது.

பனி தொடங்குகிற காலத்தில் ஒரு நாள் கேட்டார். இங்கே நாலு பேர் கொண்ட ஒரு ரொக் குழு, முப்பது வயதுக்காரர்கள், இங்கிலிஷில் பாடுகிறவர்கள், ஒரு தட்டுப் பதிவு செய்கிறார்கள். கீபோர்டுக்கு அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய மூட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. இன்னொரு கை வேண்டும். வசந்த காலத்தில் அந்தக் குழு ஒட்டாவா, கிங்ஸ்டன், பிறகு கிழக்கே ஹலிஃபாக்ஸ் வரை வானில் போய் வாசிக்கப் போகிறது. அதற்கு அவர் போகமாட்டார். அந்தக் கதிரைக்கும் ஆள் வேண்டும்.

"ஓர்கன் வாசிப்பாயா?"

"ஓம்," என்றேன்.

"எல்லாச் சுருதியிலும்?"

"ஓம்."

இந்த ஓமை நான் விளக்க வேண்டும். கனடாவுக்கு வந்த முதல் கிழமை என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா சொல்லித் தந்தாள்: "வேலைக்குப் போனா என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு. தெரியாது எண்டா வீட்ட அனுப்பிப்போடுவாங்கள். ஓம் எண்டிட்டு உள்ளுக்குப் போ, பேந்து பாத்துக்கொள்ளலாம்." அப்படித்தான் நாங்கள் எல்லோரும் இந்த நாட்டில் வேலை எடுத்தோம். சமையல் தெரியுமா, ஓம். வெல்டிங் தெரியுமா, ஓம். களஞ்சியத்தில் லேபல் மெசின் ஓட்டத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன். முதல் நாள் இருமல் மருந்துக்குக் கண் மருந்து லேபல் ஒட்டினேன். அடுத்த வருடம் அந்த மெசின் பழுதானால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆகவே அந்த ஓமில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

அதைவிடப் பெரிய காரணம், எனக்கு அந்தக் கதிரை வேண்டும். சோறு வாசமில்லாத ஒரு இடத்தில், வாசிக்கிறதைக் கேட்கவென்றே காசு கொடுத்து வந்த சனத்துக்கு முன்னால் இருந்து வாசிக்க வேண்டும். லேபல் ஒட்டுகிறவள் வாசிக்கிறாள் என்று இல்லாமல், வாசிக்கிறவள் என்று இருக்க வேண்டும். நாற்பது வயது ஆகப்போகிறது. இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

மனிசனிடம் சொன்னேன்.

"ரொக்கோ? தலைமயிரை விரிச்சுப்போட்டு ஆடுறதோ?"

"நான் இருந்துதான் வாசிக்கிறது."

"அப்ப போம். ஆடுறதெண்டா மட்டும் எனக்கும் ஒரு ரிக்கற் எடும்."

ஸ்ரூடியோ ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால், ஒரு கார் திருத்துகிற கராஜுக்கு மேலே. முதல் நாள் என்னுடைய கீபோர்டைக் கொண்டுபோனேன். வயலின் கூட்டம் மாதிரி ஒரு ஒலியில் இரண்டு பாட்டுக்கு வாசித்தேன். என்ன சுருதி என்று கேட்டுப் பட்டனை அமத்தினேன், ஓடினேன். கிற்றார்காரன், நீட்டு மூஞ்சி, சிரிக்கவே மாட்டான், என் வழுக்கலைக் கேட்டுத் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வரும்போது வானில் நான் பாடிக்கொண்டு வந்தேன். மனிசன் ரேடியோவை நிற்பாட்டினார். அது அவர் செய்கிற பெரிய மரியாதை.

இரண்டாவது நாள் பதிவுக்காரர் சொன்னார், இந்தப் பாட்டுக்குக் கீபோர்ட் வேண்டாம், அது கலியாணக் கேக் மாதிரிக் கேட்கிறது, அந்த ஓர்கனில் வாசி என்று. மூலையில் ஒரு பழைய மின்சார ஓர்கன் நின்றது. அலுமாரி அளவு. இரண்டு வரிசைக் கட்டைகள், மேலே இழுத்துத் தள்ளுகிற குமிழ்கள். பாட்டு மூன்று கட்டையில். நான் போய் இருந்து பட்டனைத் தேடினேன்.

உண்மையாகவே தேடினேன். மேலே பார்த்தேன், பக்கத்தில் பார்த்தேன், கீழே குனிந்தும் பார்த்தேன். ஒரு குமிழை இழுத்தால் ஒலி தடித்தது, இன்னொன்றை இழுத்தால் கூர்மையானது. சுருதி அசையவில்லை. குழு தொடங்கிவிட்டது. என்னுடைய விரல் தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனது. அவர்கள் மூன்று கட்டையில், நான் ஒரு கட்டையில். தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ட்ரம்காரன் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் தொடங்கினார்கள். இன்னொரு தரம் தகரம்.

எனக்கு வயிற்றுக்குத்து என்றேன். இங்கிலாந்துக்காரர் வந்து இருந்து, நல்லாயிருந்த விரல்களால் மட்டும் அந்தப் பாட்டை வாசித்து முடித்தார். முடிந்ததும் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது கேட்டார். "உன்னுடைய வயிறு சி சுருதியில் மட்டும்தான் வேலை செய்யுமா?"

நான் படியைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

"தெரியாது என்று சொல்லியிருக்கலாமே. போன ஞாயிறே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியாது," என்றார். அந்த மனுசன் அப்படித்தான். தெரியாது என்றால் தெரியாது.

ஆனாலும் மேல்மாடத்துக் கதவின் திறப்பைத் தந்தார். சனிக்கிழமைகளில் கோயில் சும்மா இருக்கும், போய்க் கோயில் ஓர்கனில் இடி என்றார். தனக்குப் படிப்பிக்க வராது, படிப்பிக்கிற பொறுமை இருந்தால் பெண்சாதி போயிருக்கமாட்டாள் என்றார். நான் மேலே இடித்துக்கொண்டிருப்பேன். அவர் வந்தால் கீழே, சனம் பூசைக்கு இருக்கிற வாங்கு ஒன்றில் இருந்து பேப்பர் படிப்பார். சிலவேளை கீழேயிருந்து "ஐயோ" என்று கேட்கும். அவ்வளவுதான் பாடம். நான் ஒவ்வொரு சுருதியாக விரலை உடைத்துப் பழகினேன். மூன்று கட்டை வந்தது. இரண்டு வந்தது. நாலரையில் தடுமாறினேன். எங்களுடைய இசைக்குழுவை நடத்துகிற அண்ணைக்கு விஷயம் தெரிந்து, "தங்கச்சி, பட்டன் இருக்கேக்க ஏன் இந்தக் கரைச்சல்? லிஃப்ற் இருக்கப் படியிலை ஏறுற மாதிரி," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த கலியாணத்தில் பட்டனைத் தொடாமல் வாசித்தேன். மூன்று பிழை விட்டேன். வழக்கம்போல ஒருவரும் கவனிக்கவில்லை.

பனி கரையத் தொடங்கியபோது நாள் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்ரூடியோவில் முழுக் குழுவோடும் வாசித்துப் பார்ப்பது. சரிவந்தால் கதிரை எனக்கு.

அதே சனிக்கிழமை என் மனிசனின் அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஹோல். என் மனிசன் பிள்ளையின் தாய்மாமன், அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிள்ளையின் தாய், என்னுடைய மச்சாள், ரெலிபோனில் கேட்டாள்: "நீர்தானே வாசிக்கிறீர்? வேறை ஆரையும் எனக்கு வேண்டாம்." எனக்கு நாலு மணிக்கு வேலை இருக்கிறதென்றேன். "பன்ரெண்டு மணிக்குத் தொடங்கினா ரெண்டரைக்கு முடிஞ்சிடும். நான் பொறுப்பு," என்றாள்.

"ஓம் மச்சாள்," என்றேன்.

மொன்றியலில் எந்தச் சாமத்தியவீடு இரண்டரைக்கு முடிந்தது? எனக்குத் தெரியும். நூறு சாமத்தியவீட்டுக்கு வாசித்தவள் நான். தெரிந்துகொண்டு ஓம் என்றேன். மச்சாளுக்கு ஏலாதென்று சொல்லுகிற பழக்கம் எங்கள் ஒருவரிடமும் இல்லை. சொன்னால் அது பத்து வருடக் கதையாகும். சொல்லியிருக்க வேண்டும். பத்து வருடம் கதைத்துவிட்டுப் போகட்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஹோலில் நாங்களும் கதிரை அடுக்குகிற ஆட்களும்தான். பிள்ளை அலங்காரத்தில். ஒன்றரைக்குப் பல்லக்கு வந்தது, வாசலால் உள்ளே போகவில்லை, ஒரு பக்கத்தைக் கழற்றினார்கள். வீடியோக்காரர் பிள்ளையைத் திரும்ப நடந்துவரச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். சோறு போட்டார்கள். மூன்று மணிக்குப் பிள்ளை இரண்டாவது உடுப்பு மாற்றப் போனது. கேக் வெட்டவில்லை. நான் மேடையில் இருந்துகொண்டு மனிசனைக் கண்ணால் தேடினேன். அவர் கழுத்தில் மாலையோடு, யாரோ ஒரு மாமாவோடு படத்துக்கு நின்றார்.

மச்சாள் மேடைக்கு ஓடிவந்தாள். "பிள்ளை கேக்குக்கு வரேக்க அந்தப் பாட்டை வாசியும், என்ன? உம்மை நம்பித்தான்."

"மச்சாள், எனக்கு நாலு மணி..."

"ஐஞ்சு நிமிசம். இந்தா வந்திட்டாள்."

டாக்சி எடுத்திருக்கலாம். ஸ்ரூடியோவில் ஓர்கன் நிற்கிறது, என் கை மட்டும் போனால் போதும். கீபோர்டை விட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். அண்ணை பட்டனை அமத்தி ஏதாவது வாசித்திருப்பார். சனம் சாப்பிட்டிருக்கும்.

நாலு மணி கழிந்து செல்ஃபோன் அடித்தது. இங்கிலாந்துக்காரர்.

"எங்கே நிற்கிறாய்?"

"வந்துகொண்டிருக்கிறேன். கிட்ட வந்திட்டேன். பத்து நிமிடம்."

"பின்னால் என்ன சத்தம்?"

"வானில் ரேடியோ."

நான் மேடையில் இருந்தேன். சேலையோடு, தலையில் பூவோடு, முன்னால் இருநூறு சனத்தோடு. பிறகு அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம் எடுத்தார். இன்னொரு பத்து நிமிடம் என்றேன். அப்போதுதான் பிள்ளை பச்சைச் சேலையில் வாசலில் நின்றது. அந்தப் பாட்டை வாசித்தேன். நல்லாக வாசித்தேன் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மனிசன் மாலையைக் கழற்றாமலே வானை ஓட்டினார். நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். "கோல் எடுத்துச் சொல்லும், பிந்தும் எண்டு," என்றார்.

"சொன்னா விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

"சொல்லாட்டி இருப்பாங்களோ?"

போய்ச் சேர்ந்தபோது கராஜ் பூட்டியிருந்தது. மேலே விளக்கு இல்லை. படியில் ஏறிக் கதவைத் தட்டினேன். கீழே ஒரு கிழவர் நாயோடு நின்று என் சேலையையும் பூவையும் பார்த்துவிட்டு, "மத்மசெல், அங்கே ஒருவரும் இல்லை," என்று பிரெஞ்சில் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிய மேல்மாடத்துக்குப் போனேன். அவர் சான்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்துப் போனேன், எனக்கும் ஒரு சண்டை தேவைப்பட்டது. அவர் பிடிக்கவில்லை.

"வேறு ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிக்கிறவன்."

"அவனுக்கு எல்லாச் சுருதியும் வருமாக்கும்."

"வரும். ஆனால் அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னுடைய பட்டன் விஷயத்தை நான் அன்றைக்கே அவர்களுக்குச் சொன்னேன். கிற்றார்காரன் என்ன சொன்னான் தெரியுமா? அப்ப நான் கிற்றாரின் கழுத்தில் மாட்டுகிற கவ்வி என்ன என்று கேட்டான். அதுவும் சுருதியை ஏற்றத்தானே. உன்னுடைய கீபோர்டையே கொண்டுவரச் சொல்லத்தான் இருந்தார்கள்."

நாலு மாதம் விரலை உடைத்தேன். வெட்கத்தில் செத்தேன். அவன் கவ்வி போடுகிறான், வெட்கமில்லாமல்.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீ பழகிக்கொண்டிருந்தாய். பழகட்டும் என்று விட்டேன். திரும்பக் கூப்பிட்டார்கள் என்றால் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிடிக்காதவளை யார் இரண்டாம் தரம் கூப்பிடுவான்?"

பிறகு கேட்டார், "ஏன் பத்து நிமிடம் என்றாய்?"

நான் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம், கேட்கிறவருக்கும் அது பத்து நிமிடம் இல்லை என்று தெரியும், அவரும் அதற்கேற்ற மாதிரித்தான் வீட்டால் வெளிக்கிடுவார் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எனக்கு அது தெரியாதே," என்றார். "பத்து நிமிடம் என்றாய், கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் இருந்தோம். பிறகு இன்னும் பத்து. ஏழு மணிக்கு வாறேன் என்று சொல்லியிருந்தால், பீட்சா சாப்பிட்டுவிட்டு ஏழு மணிவரை இருந்திருப்போம். அவங்களுக்கு வேறு என்ன வேலை?"

ஏழு மணி. இரண்டு சொல்.

வசந்தத்தில் அவர்கள் போனார்கள். நான் களஞ்சியத்தில் லேபல் ஒட்டினேன். ஞாயிறுகளில் இங்கிலாந்துக்காரரிடம் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பேன். கிங்ஸ்டன் என்பார், மொங்ரன் என்பார். பெரிய ஹோல்கள் ஒன்றும் இல்லையாம். ஒரு இடத்தில் முப்பது பேர்தானாம். முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருப்பார்கள்.

கோடை தொடங்க ஒரு ஞாயிறு அவர் எனக்காகக் காத்திருந்தார். மனிசன் கீபோர்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கும்வரை பொறுத்தார்.

"அந்தப் பொடியன் படிப்புக்குத் திரும்பிப் போகிறான். செப்டம்பரில் அவங்கள் மேற்கே போகிறார்கள், வன்கூவர் வரை. உன்னைக் கேட்கச் சொன்னார்கள். போகிறாயா?"

"வேண்டாம்," என்றேன்.

எங்களுடைய வீடுகளில் யாராவது வந்தால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்போம். வந்தவர் வேண்டாம் என்பார். கேட்டவுடன் ஓம் என்கிறவர் அந்தரப்பட்டவர். இல்லை, ஒரு வாய் குடியுங்கோ என்போம். வேண்டாம், இப்பதான் குடிச்சனான் என்பார். அதற்குள் நாங்கள் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவோம். அவரும் குடிப்பார். ஒருவரும் முதல் வேண்டாமை வேண்டாம் என்று எடுப்பதில்லை. எடுத்தால் அது அவமரியாதை.

எனக்குக் கோபம் இருந்தது. மற்றவன் எழும்பிப்போன கதிரையைக் கேட்டவுடன் பாய்ந்து பிடிக்கிறவள் இல்லை நான் என்று காட்ட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லும்போதே எனக்குள் செப்டம்பருக்கு லீவு கேட்கிற யோசனை ஓடியது. மேற்குப் பக்கம் குளிருமா, எந்தக் கோட்டைக் கொண்டுபோவது என்றுகூட ஓடியது. அவர் இன்னொரு தரம் கேட்பார். கொஞ்சம் வற்புறுத்துவார். நான் சரி, உங்களுக்காக என்பேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்கவில்லை. "சரி, சொல்லிவிடுகிறேன்," என்றார். சான்ட்விச் சுற்றின பேப்பரை மடித்து ஜக்கெற் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு படியால் இறங்கினார். எனக்கு மரியாதை செய்கிறதாகத்தான் நினைத்திருப்பார். வேண்டாம் என்று சொன்னவளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

நான் கூப்பிட்டிருக்கலாம். படி நீளமானது, மூட்டு நோவோடு அவர் மெதுவாகத்தான் இறங்கினார். நான் கீபோர்டுக்கு வயர் கொழுவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு கேட்பார் என்று இருந்தேன். மழையைப் பற்றிக் கதைத்தார். அதற்கு அடுத்த ஞாயிறு இங்கிலாந்தில் தனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், தன்னை வரச் சொல்கிறாள் என்றார். நான் கதையை வலிந்து அந்தக் குழுப் பக்கம் திருப்பினேன். "ஆள் கிடைத்ததா?" என்று கேட்டேன், அக்கறையில்லாத மாதிரி.

"தேடுகிறார்கள்," என்றார்.

அதுதான் இடம். அதில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அவர் கேட்பதற்காக. அவரும் என்னைப் பார்த்தார். சொல்ல ஏதாவது இருந்தால் இவள் சொல்வாள்தானே என்று பார்த்திருப்பார். கீழே எங்களுடைய சனம் பூசைக்கு வரத் தொடங்கியது, பிள்ளைகள் வாங்கில்களுக்கிடையில் ஓடிப் பிடித்தார்கள். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கோடை முழுக்க நான் ஒவ்வொரு ஞாயிறும், அவர் கேட்க நேரம் இருக்கட்டும் என்று, அரை மணித்தியாலம் வெள்ளனப் போனேன்.